ஓட்ட ஓட்டச் சரியாகாது, அண்ணாச்சி

தென்காசி வட்டார கார் மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை நடத்தும் அண்ணாச்சிமார்களே, ஷெட்டில் ஸ்பானர் பிடிக்கும் தம்பிமார்களே,

தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, குற்றாலம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் கார் வேலை பார்க்கும் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒருவரிடம் தனியாகப் போய்ச் சொன்னால் சண்டைக்கு வந்தவன் ஆகிவிடுவேன். பொதுவில் எழுதினால், "இது நம்மளச் சொல்லல" என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு கடைசிவரை படித்துவிடுவீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வர்ட்டரை மாற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் சொல்லும் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான் என் வழக்கு. வண்டிக்காரர் சாவியை வாங்கி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "வண்டி முன்ன மாதிரி இல்லையே" என்பார். நீங்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "புதுச் சாமாம்லா, ஓட்ட ஓட்டச் சரியாயிரும் அண்ணாச்சி" என்பீர்கள்.

புதுக் கிளட்ச் தட்டுக்கு அந்தப் பதில் பொருந்தும். பிரேக் பேடுக்கும் ஓரளவு பொருந்தும். கன்வர்ட்டருக்குப் பொருந்தாது. வெல்டு வைத்து மூடிய கூட்டுக்குள் இருக்கும் இறக்கைகளின் சாய்வு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் மாறப்போவதில்லை. உள்ளே தப்பான டாம்பர் ஸ்பிரிங் இருந்தால் அது நாளைக்கும் தப்பான ஸ்பிரிங்தான். ஓட்ட ஓட்ட மாறுவது வண்டிக்காரரின் வலது கால். கூட ஒரு மிதி மிதிக்கப் பழகிக்கொள்கிறது. அவர் திரும்பி வரவில்லை என்றதும் வண்டி சரியாகிவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டி விடுகிறீர்கள்.

இந்தப் பேச்சுக்கு இப்போது அவசரம் வந்திருக்கிறது. 2015-இல் கிரெட்டா வந்தது, 2016-இல் இன்னோவா கிரிஸ்டா வந்தது. இரண்டிலும் ஆறு கியர் கன்வர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் நம் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் என்றால் டாக்டர் வீட்டு வண்டி, அல்லது வளைகுடாவிலிருந்து வந்தவர் வீட்டு வண்டி. அந்த முதல் செட் கிரெட்டா, கிரிஸ்டா வண்டிகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. வாரண்டி முடிந்து, இரண்டாம் கை, மூன்றாம் கை என மாறி, சிலது மஞ்சள் போர்டும் ஏறி, கம்பெனி சர்வீஸ் கட்டுப்படியாகாமல் உங்கள் வாசலுக்கு வருகின்றன. கன்வர்ட்டர் போனால் கம்பெனி சொல்லும் தொகையைக் கேட்டவர் அடுத்து உங்களிடம்தான் கேட்பார். நீங்களும் ரீகண்டிஷன் செய்ததையோ, வேறு கம்பெனி தயாரித்ததையோ வரவழைத்து மாட்டிக் கொடுக்கிறீர்கள். இதில் தப்பே இல்லை. இனி வரும் வருடங்களில் இந்த வேலை கூடத்தான் செய்யும். (2014-இல் செலேரியோவோடு வந்த ஏஎம்டி வகைக்கு இந்தக் கடிதத்தில் வேலை இல்லை. அதில் இருப்பது சாதாரணக் கிளட்ச், அதைத் தானாக இயக்க ஒரு கருவி, அவ்வளவுதான். இந்த வித்தியாசம் தெரியாமலே பழைய கார் வாங்குகிறவர்கள் ஏராளம். அதையும் நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்.)

என் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஷெட்டின் பெயர் வேண்டாம். வேலை தெரியாதவர்கள் இல்லை அவர்கள். கியர் பாக்ஸைச் சுத்தமாக இறக்கி ஏற்றினார்கள், ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. வந்த கன்வர்ட்டர் அட்டைப்பெட்டியில் பாலித்தீன் சுற்றி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, பார்க்கப் புதுசாகவே இருந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் வண்டியின் பெயர் மட்டும் இருந்தது. எந்த என்ஜினுக்கு என்று இல்லை. அதே கியர் பாக்ஸ் குடும்பம் பெட்ரோலிலும் உண்டு, டீசலிலும் உண்டு. போல்ட் துளை பொருந்தியது, ஸ்ப்லைன் பொருந்தியது, மாட்டிவிட்டார்கள். என் வண்டி டீசல். வந்திருந்தது பெட்ரோலுக்கானது. அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட கதைதான். பட்டன் எல்லாம் சரியாகத்தான் விழுந்தது.

அது எப்படி ஓடியது என்பதை நான் கண்டது புளியரை எஸ் வளைவில். முன்னால் ஜல்லி ஏற்றிக் கேரளம் போகும் ஒரு டாரஸ் லாரி, நடை வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் கேரள அரசு பஸ். லாரி நின்றது, நானும் நின்றேன். லாரி நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் வண்டி ஒரு கணம் தன் பலத்திலேயே நிற்கும், லேசாக ஆக்சிலேட்டரைத் தொட்டால் ஏறும். இப்போது பின்னால் உருண்டது. மிதித்தேன். ஆர்பிஎம் முள் 1,500-ஐத் தாண்டியது, 2,000-ஐத் தாண்டியது, சத்தம் மட்டும் ஏறியது, வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்ததும் திடீரென்று பாய்ந்து லாரியின் பின் பம்பருக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்றது. அந்தப் பாய்ச்சலை "பிக்கப்" என்று ஷெட்டில் சொன்னார்கள்.

அது பிக்கப் இல்லை என்று உங்களுக்கே தெரியும். தெரிந்தும் அப்படிச் சொல்வதுதான் என் வருத்தம்.

கன்வர்ட்டருக்குள் என்ஜினோடு சுற்றும் பம்ப் ஆயிலை எறிகிறது, கியர் பாக்ஸ் பக்கத்து டர்பைன் அதை வாங்கிச் சுற்றுகிறது, நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திரும்பி வரும் ஆயிலைத் திசை மாற்றி மறுபடி பம்புக்கு உதவியாக அனுப்புகிறது. வண்டி நின்ற நிலையில் கிளம்பும்போது இந்த உதவியால் என்ஜினின் முறுக்குவிசை ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சக்கரத்துப் பக்கம் போகிறது. டர்பைன் வேகம் பம்பின் வேகத்தை நெருங்க நெருங்க அந்தப் பெருக்கம் குறைந்து ஒன்றுக்கு ஒன்றாகிவிடும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி-யில் போட்டு, முழுக்க மிதித்தால் என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதோ அதுதான் ஸ்டால் ஸ்பீடு. இந்த ஒரு எண்ணில்தான் வண்டி கிளம்பும் குணத்தில் பாதி அடங்கியிருக்கிறது. அது கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தமான எண்ணும் இல்லை. அதே கன்வர்ட்டரை முறுக்குவிசை அதிகமான என்ஜினுக்குப் பின்னால் வைத்தால் ஸ்டால் இன்னும் மேலே போகும். அதனால்தான் பெட்ரோல் கன்வர்ட்டர் டீசலில் வழுக்குகிறது. நம் டர்போ டீசல்கள் 1,500, 2,000 ஆர்பிஎம்மிலேயே முழு இழுவையையும் கொடுத்துவிடும். அந்த இழுவை சக்கரத்துக்குப் போகாமல் ஆயிலைச் சூடாக்குவதில் போனால், மிதிப்பதற்கும் நகர்வதற்கும் இடையில் ஒரு பள்ளம் விழும். ரிவர்ஸில் வீட்டுச் சரிவில் ஏற்றும்போது அது இன்னும் நன்றாகத் தெரியும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்டால் குறைவான, இறுக்கமான கன்வர்ட்டர் மாட்டினால் வண்டி டி-யில் நிற்கும்போதே முன்னால் தள்ளும். பிரேக்கை எப்போதும் ஒரு பங்கு கூட அழுத்திப் பிடிக்க வேண்டும். சிக்னலில் ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிரும், ஏசி போட்டால் அதிர்வு கூடும். டர்போ என்ஜினுக்கு வேறு ஒரு தொல்லை: காற்று கட்டும் ஆர்பிஎம்முக்கு ஏறவே அது இடம் கொடுக்காது, அதனால் முதல் சில அடிகள் செத்தது போலக் கிளம்பும். நேர் ரோட்டில், கடையநல்லூர் பக்கம் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் அருமையாக இருக்கும். வண்டிக்காரர் அந்த ரோட்டில் ஒரு ட்ரையல் பார்த்துவிட்டுப் போனால் குறையே கண்ணில் படாது. மூன்றாம் நாள் இலஞ்சி முக்கில் நெரிசலில் நிற்கும்போதுதான் உங்களை நினைப்பார்.

நம் ஊர் ரோடு எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். ஜூன் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை சாரல் சீசன். ஞாயிற்றுக்கிழமை தென்காசியிலிருந்து பேரருவிக்கு உள்ள ஐந்து கிலோமீட்டரையும், அங்கிருந்து ஐந்தருவி ரோட்டையும் மதுரைக் கார், சென்னைக் கார், கொல்லத்துக் கார் எல்லாம் நிறைத்திருக்கும். ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே வேண்டாம், பிரேக்கை விட்டால் நகர்வது, பிடித்தால் நிற்பது. அந்த நேரம் முழுக்க, பம்பையும் டர்பைனையும் நேராகப் பூட்டும் லாக்அப் கிளட்ச் திறந்துதான் இருக்கும், கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருக்கும், வழுக்கிய அத்தனையும் ஆயிலில் சூடாக இறங்கும். வண்டி ஓடாததால் ஆயில் கூலருக்குக் காற்றும் இல்லை. பிறகு கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள். ஏழு பேர், கேரியரில் மூட்டை, புளியரையில் ஏறி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர். ஏற்றம் என்றால் என்ன என்று இந்த மலைக்கணவாய்க்கு 1904-லிருந்தே தெரியும். அன்றைக்குப் போட்ட செங்கோட்டை - புனலூர் மீட்டர் கேஜ் பாதையில் 37 அடிக்கு 1 அடி ஏற்றம் இருந்தது. ரயிலைத் தள்ள இன்னொரு என்ஜினைச் சேர்த்துக் கட்டினார்கள். நம் காருக்கு அப்படித் தள்ள ஆள் கிடையாது. நின்று கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கன்வர்ட்டர்தான் தள்ள வேண்டும்.

ஆகவே சமவெளி நகரத்தில் "லேசா ஒரு லேக் இருக்கு, பரவாயில்ல" என்று விட்டுவிடக்கூடிய பொருத்தமின்மை இங்கே பரவாயில்லை ஆகாது. சாதாரணமாக ஆட்டோமேட்டிக் ஆயில் 80, 90 டிகிரியில் இருக்க வேண்டும். வழுக்கும் கன்வர்ட்டரோடு சீசன் நெரிசலில் நின்று, அப்படியே மலையேறினால் 120-ஐத் தொடும். அதற்கு மேல் ஆயில் வேகமாகக் கெடும், சீல்கள் காய்ந்து இறுகும், கியர் பாக்ஸ் கிளட்ச்களின் லைனிங் கருகும். இரண்டாவது தடவை கியர் பெட்டியை இறக்கும்போது, "கஸ்டமர் ஆயில் மாத்தாம ஓட்டிட்டாரு" என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தக் குற்றச்சாட்டு சில நேரம் நியாயமாகக்கூட இருக்கும். எப்போதும் இல்லை.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. கோட்டவாசலில் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டுப் புளியரைப் பக்கம் இறங்கும்போது நாம் கியரைக் குறைத்து என்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடிக்கிறோம். ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பிடிமானத்துக்கு லாக்அப் கிளட்ச் பூட்டி நிற்பது பெரிய துணை. அது பூட்டவில்லை என்றால் சக்கரத்துப் பக்கத்திலிருந்து வரும் சுற்று ஆயில் வழியாகத்தான் என்ஜினுக்குப் போக வேண்டும், அந்தத் திசையில் கன்வர்ட்டருக்குப் பிடி குறைவு. ஆர்பிஎம் முள் கீழே படுத்துக்கொள்ளும், வண்டி தன் கனத்தில் ஓடும், ஓட்டுநர் பிரேக்கிலேயே காலை வைத்திருப்பார். கீழே செக்போஸ்ட்டுக்கு வரும்போது பிரேக் கருகும் வாடை. இறங்கும் வண்டியிலெல்லாம் அந்த வாடை அடிப்பதால் யாரும் கன்வர்ட்டரைச் சந்தேகப்படுவதில்லை.

லாக்அப்பில் இன்னொரு தொல்லை நடுக்கம். 50, 60 கிலோமீட்டர் வேகத்தில், லேசாக மிதித்தபடி போகும்போது, ரோட்டில் இல்லாத வெள்ளைப் பட்டை வேகத்தடைகளின் மேல் ஏறியது போல வண்டி நடுங்கும், இரண்டு மூன்று விநாடியில் நின்றுவிடும். வண்டிக்காரர் டயர் பேலன்சிங் செய்வார், அலைன்மென்ட் பார்ப்பார், இன்ஜெக்டரைக் கழற்றச் சொல்வார். காசு போகும், நடுக்கம் போகாது. நடுங்கும்போது இடது காலால் பிரேக் மிதியைப் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். லாக்அப் விட்டுவிடும், நடுக்கமும் அதே நொடியில் நின்றால் கை வைக்க வேண்டிய இடம் அதுதான். ரீகண்டிஷன் செய்கிறவர்கள் எந்த லைனிங் ஒட்டினார்கள் என்பதில்தான் இது பெரும்பாலும் தீர்மானமாகிறது. பழைய வண்டிகளில் லாக்அப் பூட்டும் அல்லது விடும், அதற்குச் சாதாரண லைனிங் போதும். இந்தக் காலத்து வண்டிகளில் அதை முழுக்கப் பூட்டாமல் கொஞ்சம் வழுக்க விட்டே கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. அந்த வழுக்கலைத் தாங்கும் லைனிங் வேறு வகை. விலை குறைந்ததை ஒட்டினால் கொஞ்ச நாளில் பளபளவென்று மெழுகிப்போய் நடுங்க ஆரம்பிக்கும். கம்பெனி சொன்ன ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் ஆயில்) இல்லாமல், "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று டின்னில் எழுதியிருப்பதை ஊற்றினாலும் இதே கதை வரும். அதிலும் உங்களில் சிலர், "ஆயில் எல்லாம் ஒண்ணுதான், கலர்தான் வேற" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து இனி சொல்லாதீர்கள்.

அதிர்வு வேறு, நடுக்கம் வேறு. நியூட்ரலில் நிறுத்தி ஆர்பிஎம்மை ஏற்றும்போதே ஸ்டீயரிங்கில் கிர்ரென்று அதிர்ந்தால், வெல்டு வைத்து மூடிய பிறகு கன்வர்ட்டரை யாரும் சரியாகப் பேலன்ஸ் பார்க்கவில்லை என்று சந்தேகப்படலாம். வண்டி ஓடும் வேகத்தைப் பொறுத்து வரும் அதிர்வுதான் டயரையும் ஆக்சிலையும் சேர்ந்தது. இவ்வளவும் உங்களுக்கு நான் பாடம் எடுப்பதற்காக எழுதவில்லை. வண்டிக்காரர் "ஒரு மாதிரியா இருக்கு" என்று வாய்க்கு வந்தபடி சொல்வதற்குள்ளே இத்தனை தனித்தனிக் குறைகள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கிறது, காது கொடுத்தால் பெட்டியை இறக்காமலே பாதியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதற்காக எழுதுகிறேன். கிளம்பும்போது மந்தம், வேகம் பிடித்தால் சரி என்கிறாரா? ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் பிடிக்காமல் போயிருக்கலாம். கிளம்புவதில் குறையில்லை, பெரிய ரோட்டில் வேகம் ஏற மாட்டேன் என்கிறது, சூடும் ஆகிறது என்கிறாரா? அதே கிளட்ச் இறுகி ஒட்டிப்போயிருக்கலாம். அவர் மெக்கானிக் இல்லை, அவருக்கு வார்த்தை தெரியாது. அவருடைய இடுப்புக்கும் காலுக்கும் தெரியும்.

ஓட்டும் உணர்வைப் பற்றிய புகார் வசதிக்காரர்களின் சொகுசுப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. டார்க் கன்வர்ட்டருக்கு 1905-இல் காப்புரிமை வாங்கியவர் ஹெர்மான் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர். அவர் யோசித்தது கப்பலுக்காக, வேகமாகச் சுற்றும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுற்ற வேண்டிய கப்பல் விசிறியோடு இணைப்பதற்காக. காருக்கு வந்து பெரிதாக விற்றது 1948-இல், ப்யூக் டைனாஃப்ளோவில். சாதாரண ஓட்டத்தில் அதில் கியரே மாறாது, எல்லாவற்றையும் கன்வர்ட்டரே பார்த்துக்கொள்ளும். மெத்தென்று போனது, ஆனால் சோம்பலாகக் கிளம்பியது. வாங்கியவர்கள் சேறு மாதிரி இருக்கிறது என்று கேலிப் பெயர் வைத்தார்கள். நம் ரயில்வேயிலும் சூரி என்ற பொறியாளர் டார்க் கன்வர்ட்டரையும் நேரடி இயந்திர இணைப்பையும் சேர்த்து ஒரு டிரான்ஸ்மிஷன் செய்தார். சூரி டிரான்ஸ்மிஷன் என்று அவர் பெயரிலேயே, சித்தரஞ்சனில் கட்டிய டபிள்யூடிஎஸ்-4 ஷண்டிங் என்ஜின்களில் அது ஓடியது. கிளம்பும்போது ஆயிலின் மென்மையும் வேண்டும், ஓடும்போது வழுக்கலும் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை பாடும். அத்தனை பேர் மெனக்கெட்டுப் பொருத்திக் கொடுத்ததை, போல்ட் துளை பார்த்து மாட்டிவிட்டு "பழகிரும்" என்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லாவிட்டால் இது ஒருதலைப் பேச்சாகும். கன்வர்ட்டரை இந்த ஊரில் அறுத்துத் திறப்பதில்லை. வெளியூர் போய், லேத்தில் வெல்டை வெட்டி, லைனிங்கும் பேரிங்கும் சீலும் மாற்றி, மறுபடி மூடி வருகிறது. உள்ளே என்ன வைத்தார்கள் என்பதை நீங்களும் பார்க்கவில்லை. கார் கம்பெனிகள் ஸ்டால் ஸ்பீடு போன்ற விவரங்களை வெளி ஷெட்டுகளுக்குக் கொடுப்பதில்லை. நல்ல ஸ்கேனரின் விலை சின்னப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. வண்டிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதல் கேள்வியே "எவ்வளவு கம்மியா முடியும்" என்பதுதான். கூலர் பைப்பைக் கழுவ ஆயில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். ட்ரையலுக்கு உட்காரச் சொன்னால் நேரமில்லை என்பார்கள். போதாக்குறைக்கு, வீடியோ பார்த்துவிட்டு வந்து "ஹை ஸ்டால் போடுங்கண்ணே, ரேஸ் கார் மாதிரி கிளம்பும்" என்று கேட்கும் பையன்கள். டிராக் ரேஸ் ஸ்ட்ரிப்பில் கால் மைல் ஓடும் வண்டிக்கு அது சரி. குற்றாலம் ரோட்டில் தயிர் வாங்கப் போகிற வண்டிக்கு எதற்கு?

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். வெளிக் கம்பெனிக் கன்வர்ட்டர் எல்லாமே மட்டம் இல்லை. ஒழுங்கான ரீகண்டிஷனில் ஒரிஜினலை விட நல்ல லைனிங் போட்டு, பேலன்ஸ் பார்த்து, லீக் டெஸ்ட் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். என் வண்டியிலேயே கடைசியில் டீசலுக்கான சரியான ரீகண்டிஷன் கன்வர்ட்டர்தான் ஏறியது, ஒரிஜினல் இல்லை. எஸ் வளைவில் பழையபடி கிளம்புகிறது. எனவே விலை மலிவு என்பது என் புகார் இல்லை. எது ஏறுகிறது என்று சொல்லாமல் ஏற்றுவதும், ஏறிய பிறகு சொல்லும் குறையைக் கேட்காமல் விடுவதும்தான் புகார்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள்.

பெட்டியை இறக்குவதற்கு முன்னால் வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து, வண்டி ஓடுகிற நிலையில் இருந்தால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். சமதளத்தில் பிரேக்கை விட்டால் எந்த வேகத்தில் தானாக நகர்கிறது, 80-இல் ஒரே சீராகப் போகும்போது ஆர்பிஎம் எவ்வளவு, டி-யில் நிற்கும்போது அதிர்வு உண்டா, நியூட்ரலில் உண்டா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனர் இருந்தால் என்ஜின் சுற்றுக்கும் டர்பைன் சுற்றுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஆயில் சூட்டையும் எழுதுங்கள். ஸ்டால் டெஸ்ட் பார்ப்பதானால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆயில் சூடான பிறகு, ஐந்து விநாடிக்கு மேல் பிடிக்காமல் பாருங்கள். சில புது வண்டிகளில் பிரேக்கோடு சேர்த்து மிதித்தால் கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெட்டி கீழே வந்ததும் பழைய கன்வர்ட்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வண்டிக்காரரை அழைத்துக் காட்டுங்கள். எந்த என்ஜினுக்கானது, ஒரிஜினலா, ரீகண்டிஷனா, வெளிக் கம்பெனியா, யார் செய்தது, என்ன லைனிங் என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் சொல்ல மறுத்தால் அவரிடம் வாங்காதீர்கள். நீங்கள் பத்துப் பேர் கேட்டால் அவர் எழுதித் தருவார். நாங்கள் தனித்தனியாகக் கேட்டால் போனை வைத்துவிடுவார். கூலரையும் பைப்பையும் கழுவாமல் ஏற்றாதீர்கள், பழைய கன்வர்ட்டர் அரைத்துத் தள்ளிய தூள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கன்வர்ட்டர் பம்பில் முழுக்க உட்கார்ந்ததா என்று பெல் ஹவுசிங் விளிம்பிலிருந்து அளந்து பாருங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் பம்ப் உடையும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அவசரத்தில் நடக்கிறது. ஏற்றிய பின் கம்ப்யூட்டரில் பழைய பழக்கத்தை அழித்துப் புதிதாகக் கற்க விடுங்கள். உங்கள் வாக்கியத்தில் கொஞ்சமாவது உண்மை இருப்பது இங்கேதான்: கியர் மாறும் விதம் சில நாள் ஓட்டத்தில் சீராகும். கிளம்பும் குணம் சீராகாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

கடைசியாக, ட்ரையல். பைபாஸில் ஒரு நேர் ஓட்டம் ட்ரையல் ஆகாது. முதலில் இலஞ்சி வழியாகக் குற்றாலம், அங்கே நெரிசலில் பிரேக்கை விட்டு விட்டு நகர்த்தல். பிறகு செங்கோட்டை, புளியரை, எஸ் வளைவில் நின்று கிளம்புதல், கோட்டவாசலில் திருப்பி, கியரைக் குறைத்து இறங்குதல். ஷெட்டுக்குத் திரும்பியதும் முன்பு குறித்த தாளை எடுத்துப் பக்கத்திலேயே புது அளவுகளை எழுதி, பில்லோடு பின் அடித்துக் கொடுங்கள். வண்டிக்காரர் அப்போது "முன்ன மாதிரி இல்ல" என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் தாள் இருக்கும், வாய்ச்சண்டை வேண்டாம். போக வர ஆகும் டீசலையும் உங்கள் நேரத்துக்கான கூலியையும் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். தர மாட்டேன் என்கிறவரின் வண்டியை இறக்காதீர்கள். அவருக்காக நான் பரிந்து பேச வரமாட்டேன்.

சீசன் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் ஷெட்டுக்கு வரும் அடுத்த ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்தே இதைத் தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென்காசியில் ஆட்டோமேட்டிக் டீசல் ஓட்டும் உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்